மூணு கட்டை டார்ச்சும் ஒரு மில்லிமீட்டர் சில்லும்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? வழியில் கிளியனூர் வரும். அங்கிருந்து கிழக்கே, கடலைப் பார்த்துப் போனால் மரக்காணம் உப்பளங்கள். வெயில் ஏறிவிட்டால் உப்பின் வெள்ளை கண்ணைப் பிடுங்கும். அதனால் உப்பளத்துக்காரர்கள் இருட்டோடு கிளம்பிவிடுவார்கள். நடப்பதற்கு இருப்பது குறுகலான வரப்பு. இந்தப் பக்கம் உப்புத் தண்ணீர், அந்தப் பக்கமும் உப்புத் தண்ணீர். நடுவில் பாம்பு கிடந்தால்? எனவே, கையில் டார்ச்!

உங்கள் தாத்தா காலத்தில் அது எவரெடி டார்ச். ரெண்டு கட்டை, மூணு கட்டை, வசதிக்காரர் வீட்டில் அஞ்சு கட்டை. 1905லேயே இந்தியாவுக்குள் வந்துவிட்ட எவரெடி, 1939ல் கல்கத்தாவிலும் 1952ல் சென்னையிலும் பேட்டரித் தொழிற்சாலை போட்டது. 1958ல் லக்னோவில் டார்ச் தயாரிப்பு. கம்பெனியின் பெயர் யூனியன் கார்பைடு. ஆமாம், 1984 போபால் விஷவாயுவோடு சேர்த்து நமக்கு ஞாபகம் வரும் அதே பெயர்தான். 1994ல் அது கைமாறியது தனிக்கதை.

அந்த டார்ச்சின் குண்டு பல்பு சுத்த ஊதாரி. வாங்கிய மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாக்கி வீணடித்துவிட்டு, மிச்சத்தில் கொஞ்சூண்டு மஞ்சள் வெளிச்சம் தரும். கட்டை தீரத் தீர வெளிச்சம் சிவந்துகொண்டே போகும். கட்டையை வெயிலில் காய வைத்து மறுபடி போட்டுப் பார்க்காத வீடு உண்டா?

மாற்றம் ஜப்பானிலிருந்து வந்தது. நிச்சியா என்ற கம்பெனி, டியூப்லைட்டுக்கும் டி.வி.க்கும் பூசுகிற ஒளிர்பொடி தயாரித்துக்கொண்டிருந்தது. அங்கே வேலை பார்த்த ஷூஜி நகமுரா 1993ல் பிரகாசமான நீல எல்.இ.டி.யைச் செய்து காட்டினார். நீலத்தின் மேல் மஞ்சள் ஒளிர்பொடி பூசினால் வெள்ளை வெளிச்சம். பொடிதான் கம்பெனி கைவசமே இருந்ததே! 1996ல் வெள்ளை எல்.இ.டி. வந்துவிட்டது. நகமுராவுக்குக் கொடுத்த போனஸ் 20,000 யென் என்பார்கள். அவர் கோர்ட்டுக்குப் போனார். 2005ல் 84 கோடி யென்னுக்குச் சமரசம். 2014ல் அகாசாகி, அமானோ இருவரோடும் சேர்ந்து நோபல் பரிசு.

ஆனால், முதலில் வந்த எல்.இ.டி. டார்ச்சுகள் பொம்மை மாதிரி இருந்தன. ஏழு, ஒன்பது என்று குட்டிக் குட்டி மணிகள். சூடு வெளியேற வழியில்லை. 2000 வாக்கில் லூமிலெட்ஸின் லக்ஸியான் வந்தது. அடியில் உலோகக் கட்டி வைத்துச் சூட்டை இறக்கியதால், ஒரு வாட்டில் சுமார் 25 லூமன். 2006ல் க்ரீ கம்பெனியின் எக்ஸ்ஆர்-ஈ, ஏறக்குறைய அதே மின்சாரத்தில் 80 லூமன் கொடுத்தது. 2010 கடைசியில் அதே க்ரீ அறிவித்த எக்ஸ்எம்-எல், 10 வாட் கொடுத்தால் 1,000 லூமன்!

இதில்தான் நாம் ஏமாறுகிறோம்.

நான் பி.காம். எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். லூமன் என்பது மொத்த வருமானம். கேண்டலா என்பது அதை ஒரே திசையில் எவ்வளவு குவித்துச் செலவழிக்கிறோம் என்பது. எக்ஸ்ஆர்-ஈயின் சில்லு சுமார் ஒரு மில்லிமீட்டர் சதுரம். எக்ஸ்எம்-எல் இரண்டு மில்லிமீட்டர் சதுரம், அதாவது பரப்பு நாலு மடங்கு. சின்னச் சில்லின் வெளிச்சத்தை ஊசி மாதிரி தூரத்துக்கு அனுப்பலாம். பெரியதன் வெளிச்சம், அதே அளவு குவிகண்ணாடியில், காலடியில் கோலம் போட்ட மாதிரி பரவும். லூமனை மட்டும் பார்த்து வாங்கினால் இது தெரியாது.

2009ல் அமெரிக்காவில் டார்ச்சுக்கென்றே ஒரு அளவுகோல் கொண்டுவந்தார்கள். வெளிச்சம் எத்தனை மீட்டரில் 0.25 லக்ஸாகக் குறைகிறதோ, அதுதான் டார்ச்சின் தூரம். 0.25 லக்ஸ் என்றால் தெளிந்த பௌர்ணமி நிலா அளவு. உப்பளத்தில் நிலாவொளியைப் பார்த்தவருக்கு இந்தக் கணக்கை விளக்கவே வேண்டாம். பத்தாயிரம் கேண்டலா டார்ச் என்றால் 200 மீட்டர்.

இனி கிளியனூர் கடைக்கு வருவோம். கண்ணாடிக்குள் ஒரு சீன டார்ச். 'டி6' என்று பெரிதாக அச்சடித்திருந்தது. "டி6 சார், லேட்டஸ்ட்" என்றார் கடைக்காரர். டி6 என்பது மாடலே அல்ல. எக்ஸ்எம்-எல்லைத் தரம் பிரிக்கும் குறியீடு: 700 மில்லி ஆம்பியரில் குறைந்தது 280 லூமன். அரிசி மூட்டையில் 'முதல் தரம்' என்று எழுதுவது மாதிரி. உள்ளே என்ன அரிசி என்பது வேறு விஷயம்! 18650 என்கிற விரல் கனத்து லித்தியம் பேட்டரி மேல் 9,900 என்று போட்டிருந்தது. அந்த அளவில் நல்ல பேட்டரியே 3,500 மில்லி ஆம்பியர் மணியை ஒட்டித்தான் நிற்கும்.

வரப்பில் நடப்பவருக்கு 1,000 லூமன் வேண்டியதும் இல்லை. கையடக்க டார்ச் அவ்வளவு சூட்டைத் தாங்காது. சில நிமிடத்தில் தானே இறங்கிவிடும். தவிர, நீலம் பாய்ந்த வெள்ளை வெளிச்சம் உப்பில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். பழுப்பு மண்ணில் பழுப்புப் பாம்பைப் பிரித்துப் பார்க்க, நிறங்களை நிஜமாகக் காட்டும் எல்.இ.டி. வேண்டும். நிச்சியாவின் 219 வரிசையில் அப்படிப்பட்டவை உண்டு. லூமன் கொஞ்சம் குறையும், வெளிச்சமும் சற்று மஞ்சள். ஐம்பது, நூறு லூமனில் வைத்துக்கொண்டால் பேட்டரியும் பல மணி நேரம் தாங்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்து, இந்தப் பக்கமெல்லாம் கரன்ட் போன ராத்திரிகளில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசியுங்கள்.

கடைக்காரரிடம் அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்டேன்.

"மஞ்ச வெளிச்சமா? பேட்டரி தீந்துபோச்சுன்னு திருப்பிக் கொண்டாந்துடுவாங்க சார்!"