யூசுப், சூசை, வளன்: பெயர் ஒன்றுதான்



வரவு இடாப்பில் யூசுப், ஜோசப், சூசை என்று மூன்று பிள்ளைகள் இருந்தால், மூன்றும் வேறு வேறு பெயர் என்றுதான் வகுப்பு நினைக்கும். மூன்றும் ஒரே பெயர்தான்.

இதன் வேர் எபிரேய மொழியில் இருக்கிறது. 'யோசேஃப்' என்றால் 'அவன் இன்னும் கூட்டித் தருவான்' என்பது கருத்து. நெடுங்காலம் பிள்ளையில்லாதிருந்த ராகேல், 'இறைவன் எனக்கு இன்னுமொரு மகனைத் தரட்டும்' என்று வேண்டி மகனுக்கு இப்பெயரை வைத்ததாக ஆதியாகமம் சொல்கிறது. அந்த மகன்தான் நமது யூசுப் நபி (அலை). அல்குர்ஆனின் 12ஆவது ஸூரா, 111 வசனங்களோடு, அவர் பெயரிலேயே இருக்கிறது.

யூசுப் என்பது சுத்தமான அரபுப் பெயர் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அரபு இலக்கண அறிஞர்களோ இதை 'அஜமி', அதாவது பிறமொழிப் பெயர் என்றே வகுத்தார்கள். அதனால்தான் இதற்குத் தன்வீன் வராது. 'முஹம்மதுன்' என்போம், 'யூசுபுன்' என்று சொல்வதில்லை, 'யூசுபு' என்றே சொல்வோம்.

இதே பெயர் இத்தாலியில் ஜுசெப்பே, ஸ்பெயினில் ஹொசே, ரஷ்யாவில் இயோசிஃப். போர்த்துக்கேயரின் 'ஜொசே' தமிழர் நாவில் 'சூசை' ஆனது. மரியாளின் கணவரான சூசையப்பருக்கும் இப்பெயரே. ஒல்லாந்தர் காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த கத்தோலிக்கத் துறவியைத் தமிழில் யோசேப் வாஸ் என்கிறோம். சிங்களத்தில் 'ஜுசே வாஸ்' என்கிறார்கள்.

இவையெல்லாம் ஓசையை எடுத்துக்கொண்டவை. கருத்தை எடுத்தவர் வீரமாமுனிவர். 1726இல் தேம்பாவணியை முடித்த அவர், அதில் சூசையப்பரை 'வளன்' என்று அழைத்தார். கூடுதல், பெருக்கம் என்ற எபிரேயக் கருத்து அப்படியே தமிழாகிவிட்டது. அவரது இயற்பெயரே கொன்ஸ்தான்சோ ஜுசெப்பே பெஸ்கி! திருச்சியிலுள்ள புனித ஜோசப் கல்லூரி இன்றும் தமிழில் 'தூய வளனார் கல்லூரி'தான்.

பெயரைக் கேட்டவுடன் ஆளை எடைபோடும் நாடு நமது நாடு. 2019 உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு, யூசுபும் சூசையும் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வையில் ஓர் இடைவெளி விழுந்தது. அதை ஒரு பெயரின் கதை முழுவதும் மூடிவிடாது. ஆனாலும் 'உன் பெயரும் என் பெயரும் ஒன்று' என்று அறிந்த பிள்ளைகளுக்கு, பேச்சைத் தொடங்க ஒரு வழி இருக்கும்.

ஆசிரிய நண்பர்களே, இடாப்புக் கூப்பிடும்போது ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைச் சொல்லிப் பாருங்கள். உங்கள் ஊரில் இந்தப் பெயரை எப்படிக் கூப்பிடுகிறார்கள்? கமெண்டில் எழுதுங்கள்.