கம்பும் கத்திரியும் காட்டும் வம்சவழி

உளுந்தூர்பேட்டை வட்டாரத்தின் நிலவளத்தைப் பற்றி எழுதப் புகுவோர் உளுந்தாண்டார்கோயில் மாஷபுரீசுவரரின் திருவிளையாடலையும் சுந்தரமூர்த்தி சுவாமிகள் அவதரித்த திருநாவலூரின் பெருமையையும் முன்வைத்துத் தொடங்குவது மரபாகும். அவ்விரண்டையும் இவ்வூரார் நன்கறிவர் ஆதலின், மலர்க் குழுவினர் வேண்டியவாறு பயிர்நோய் அறிவியலில் அண்மைக்காலத்தில் வளர்ந்துள்ள ஒரு துறையை, அதாவது துருப் பூஞ்சைகளின் மைட்டோகாண்டிரிய மரபுப்பொருளையும் அப்பூஞ்சைகளின் பரிணாமத்தையும், இம்மண்ணின் பயிர்களைக் கொண்டே விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

பயிரைத் தாக்கும் பிணியை உடற்பிணிக்கு நிகராக வைத்து ஆராய்ந்தது பாரத நாடு. சுரபாலர் இயற்றிய விருட்சாயுர்வேதம் மரஞ்செடிகளின் நோய்களை உள்ளிருந்து தோன்றுவன, புறத்திலிருந்து வருவன என இரண்டாகப் பகுத்து, உள்ளிருந்து தோன்றுவனவற்றை வாதம், பித்தம், கபம் ஆகியவற்றின் ஏற்றத்தாழ்வால் விளக்குகிறது. இந்நூலின் சுவடி இங்கிலாந்தின் ஆக்சுபோர்டு போட்லியன் நூலகத்தில் நெடுங்காலம் உறங்கிக் கிடந்து, 1996இல் நளினி சாதலே அவர்களின் ஆங்கில மொழிபெயர்ப்பாக வெளிவந்தது. உரோமானியரோ துருவை ஒரு தெய்வமாகவே கருதி, ஆண்டுதோறும் ஏப்ரல் 25ஆம் நாள் ரொபிகஸ் என்னும் அத்தெய்வத்துக்கு நாயைப் பலியிட்டு விழா எடுத்தனர். விவிலியத்தில் ஆமோஸ், ஆகாய் என்னும் தீர்க்கதரிசிகளும் பயிர்க் கருகலைப் பற்றிப் பேசுகின்றனர். பிணியை இன்னதென்று தெளிந்து, அதன் முதலைத் தேடி, அதன்பின் தணிக்கும் வழியை நாடுமாறு வள்ளுவப் பெருந்தகை மருந்து அதிகாரத்தில் வகுத்த வரிசையே இன்றைய பயிர்நோயியலாரும் கைக்கொள்ளும் வரிசை என்பது தமிழர் பெருமைகொள்ளத் தக்க செய்தியாகும். துருப் பூஞ்சையைப் பொறுத்தவரை, அவ்வரிசையின் நடுப்படியாகிய முதலைத் தேடுவதே மிகக் கடினமானது.

துருப் பூஞ்சைகள் பக்சினியேல்ஸ் என்னும் வரிசையைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 8000 இனங்கள் இதுவரை அறியப்பட்டுள்ளன. உயிருள்ள செடியின் திசுவுக்குள் உறிஞ்சு உறுப்புகளைச் செலுத்தி உணவு பெறுவதால் இயற்கையில் இவை அச்செடியை விட்டுத் தனித்து வளர்வதில்லை. இவற்றுட் பல தம் வாழ்க்கை வட்டத்தை முடிக்க ஒன்றுக்கொன்று உறவில்லாத இரு செடிகளை நாடுகின்றன. கோதுமைத் துரு பார்பெரி என்னும் புதர்ச்செடியிலும் வாழ்வதை 1865இல் ஜெர்மானிய அறிஞர் டி பாரி மெய்ப்பித்தார். தமிழகத்தில் அதற்கு நிகரான கண்டுபிடிப்பு கம்பைப் பற்றியது. கம்பின் துருவாகிய பக்சினியா பென்னிசெட்டி தன் மறுபாதி வாழ்வைக் கத்திரிச் செடியில் கழிப்பதை விளக்கி, டி. எஸ். இராமகிருஷ்ணனும் சி. கே. சௌமினியும் 1948இல் ஆய்வுரை வெளியிட்டனர். கம்பங்கொல்லையும் கத்திரித் தோட்டமும் அருகருகே கிடக்கும் இவ்வட்டாரத்துக்கு இக்கண்டுபிடிப்பு எவ்வளவு நெருக்கமானது என்பதைச் சொல்லத் தேவையில்லை; ஆயினும் கோதுமையும் பார்பெரியும் இடம்பெறும் அளவுக்குக் கம்பும் கத்திரியும் நம் பாடநூல்களில் இடம்பெறாமை வருந்தத்தக்கது.

இவ்வட்டத்தின் நடைமுறையைச் சற்று விரித்துரைத்தால்தான் மைட்டோகாண்டிரியாவின் பங்கு விளங்கும். கம்பின் இலையில் செம்பழுப்புக் கொப்புளங்களாய்த் தோன்றுபவை யூரிடோ ஸ்போர்கள். இவை காற்றில் பறந்து மீண்டும் கம்பையே தாக்கித் தம்மைப் போன்றவற்றையே பெருக்குகின்றன. பயிர் முற்றும்போது கருநிற டீலியோ ஸ்போர்கள் உண்டாகின்றன. அதுவரை கலவாமல் இணையாக வாழ்ந்த இரண்டு உட்கருக்கள் இவற்றுள் கலந்து, பின்னர்க் குன்றல் பிரிவடைந்து, கம்பைத் தாக்காது கத்திரியைத் தாக்கவல்ல பசிடியோ ஸ்போர்களைத் தருகின்றன. கத்திரி இலையில் முதலில் தோன்றும் நுண்ணிய குடுவைகளுக்குப் பிக்னியா என்று பெயர். இக்குடுவைகளின் தேன்துளியில் மிதக்கும் ஸ்போர்களைப் பூச்சிகள் ஒரு குடுவையிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசேர்ப்பதே துருவின் கலப்பு என்பதை, வேறு துரு இனங்களைக் கொண்டு கனடா நாட்டுக் கிரெய்கி 1927இல் கண்டறிந்தார். இக்கலப்பின் பின்னரே இலையின் அடிப்புறத்தில் மஞ்சள் கிண்ணங்கள் தோன்றி, அவற்றின் ஸ்போர்கள் கம்புக்குத் திரும்புகின்றன.

மைட்டோகாண்டிரியா, அல்லது இழைமணி, என்பது உயிரணுவினுள் மூச்சுவினையை நடத்தி ஆற்றல் தரும் நுண்ணுறுப்பு. உட்கருவிலுள்ள மரபுப்பொருளன்றி இதற்கெனத் தனியே ஒரு சிறு டி.என்.ஏ. உண்டு. கத்திரி இலையில் நடக்கும் கலப்பில், வந்துசேரும் ஸ்போர் தன் உட்கருவை மட்டுமே ஈந்துவிட்டு ஒதுங்க, இழைமணிகள் ஏற்கும் பூஞ்சையுடையனவாகவே நிலைபெறுகின்றன என்பது பசிடியப் பூஞ்சைகளில் பொதுவாகக் காணப்படும் முறையாகும். வீட்டோடு மாப்பிள்ளை தன் குலப்பெயரோடு வந்தாலும் அடுப்பும் உலையும் பெண்வீட்டாருடையனவாகவே இருப்பதைப் போன்றது இது. ஆகவே ஒரு துருவின் உட்கரு சொல்லும் வம்சவழியும் இழைமணி சொல்லும் வம்சவழியும் ஒன்றாகவே இருக்கவேண்டுவதில்லை. இரண்டையும் படித்தாலன்றி அதன் பிறப்பை அறிந்ததாகக் கொள்ள இயலாது. உகாண்டாவில் 1998இல் காணப்பட்டு உலகை அச்சுறுத்திய யூஜி99 என்னும் கோதுமைத் துரு, பாலினக் கலப்பின்றி உடலிழைகள் இணைந்து ஓர் உட்கருவை மாற்றிக்கொண்டதால் பிறந்தது என 2019இல் நிறுவப்பட்ட பின்னர், இவ்வுண்மையின் கனம் மேலும் கூடியிருக்கிறது.

துருக்களின் உட்கரு மரபணுத்தொகை அளவில் மிகப் பெரிது. யூரோமைசிஸ் பைடென்டிஸ் என்னும் துருவில் அது ஏறத்தாழ 250 கோடிக் கார இணைகளை எட்டுகிறது. இழைமணியின் டி.என்.ஏ.வோ சிறியது. மனிதரில் அது 16,569 கார இணைகளே. ஆசிய சோயா துருவில் 31,825 கார இணைகளும், கோதுமையின் மஞ்சள் துருவில் ஒரு லட்சத்துக்கு மேலும் உள்ளன. இத்துணை வேறுபாடு இருந்தும், மூச்சுவினைக்குரிய புரதங்களுக்கான மரபணுக்கள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. அளவைப் பெரிதும் கூட்டுபவை இன்ட்ரான்கள், அதாவது மரபணுவின் இடையே செருகப்பட்டு, புரதம் உருவாகுமுன் வெட்டி நீக்கப்படும் துண்டுகள். இவற்றுட் சில தம்மைத் தாமே வேறிடங்களுக்குப் படியெடுத்துச் செருகவும் வல்லன. ஆதலால் எந்த இனத்தில் எந்த இன்ட்ரான் எவ்விடத்தில் நிற்கிறது என்பதே பரிணாம வரலாற்றுக்கு ஒரு சான்றாகிறது.

இச்செருகல்களை வெறும் சுமை என எண்ணுதல் தவறு. அசாக்சிஸ்ட்ரோபின் முதலிய பூஞ்சைக்கொல்லிகள் இழைமணியில் உருவாகும் சைட்டோகுரோம் பி என்னும் புரதத்தைப் பற்றி மூச்சை அடைக்கின்றன. இவை சந்தைக்கு வந்தது 1996இல்; அடுத்த இரண்டே ஆண்டுகளில் வட ஜெர்மனியின் கோதுமைச் சாம்பல் நோய்ப் பூஞ்சை, அப்புரதத்தின் 143ஆம் இடத்துக் கிளைசினை அலனைனாக மாற்றிக்கொண்டு மருந்தை வென்றது. துருக்கள் அவ்வழியே தப்பவில்லை. காரணம், ஆராயப்பட்ட துரு இனங்கள் பலவற்றில் அந்த 143ஆம் இடத்தை அடுத்தே ஓர் இன்ட்ரான் தொடங்குகிறது. அவ்விடத்து எழுத்து மாறினால் இன்ட்ரான் வெட்டுப்படாது, புரதம் உருவாகாது, பூஞ்சை மூச்சின்றி மாளும். 2006இல் வெளியான இவ்விளக்கம் இத்துறையின் தலைசிறந்த முடிவுகளுள் ஒன்று எனலாம். எனினும் பிரேசில் நாட்டுச் சோயா துரு 129ஆம் இடத்தில் வேறொரு மாற்றம் பெற்று மருந்தின் வலிமையைக் குறைத்துவிட்டது. ஒரே மருந்தை மீண்டும் மீண்டும் தெளிப்போர் இதனை நெஞ்சிற்கொள்ள வேண்டும்.

மல்லாட்டை எனப்படும் நிலக்கடலையின் துருவின் நிலை கம்புத் துருவினின்று வேறானது. 1884இல் ஸ்பெகாசினி தென் அமெரிக்கச் செடிகளிலிருந்து பெயரிட்ட பக்சினியா அராக்கிடிஸ், இந்தியாவில் 1969க்குப் பின்னரே பெரிதாகப் பரவியது. இதற்கு மாற்றுச் செடி எதுவும் அறியப்படவில்லை. யூரிடோ ஸ்போர்களாலேயே இங்கு அது வாழ்ந்துவருகிறது. கத்திரி இலையில் நிகழ்வது போன்ற கலப்பு இதற்கு இல்லாமையால் உட்கருவும் இழைமணியும் பெரும்பாலும் பிரியாது ஒன்றாகவே பயணம் செய்கின்றன. அராக்கிஸ் கார்டினாசி என்னும் காட்டினத்தின் எதிர்ப்பாற்றலைத் தாங்கிய தார்வாட்டின் ஜிபிபிடி 4 போன்ற இரகங்கள் இதற்கு ஈடுகொடுக்கின்றன.

தமிழக மலைகளும் துரு ஆய்வின் வரலாற்றில் இடம்பெற்றுள்ளன. கரம் சந்த் மேத்தா 1940இல் வெளியிட்ட நூலில், சமவெளியின் கோடைவெப்பத்தில் மடியும் கோதுமைத் துரு மலைகளில் உயிர்தாங்கி மீள்வதை நிறுவினார். நீலகிரி, பழனி மலைகளிலிருந்து கருந்துருவின் ஸ்போர்கள் வங்கக்கடல் புயற்காற்றுகளோடு நடு இந்தியாவை அடைவதைப் பின்னர் எஸ். நாகராஜனும் எல். எம். ஜோஷியும் விளக்கினர்.

கல்வராயன் மலையின் தினையிலும் சாமையிலும், அடிவாரத்துக் கம்பிலும் மக்காச்சோளத்திலும் தோன்றும் துருவை இம்மாவட்டக் கல்லூரி மாணவர்கள் முறையாகத் திரட்டுவார்களாயின் அது தாய்மண்ணுக்கு ஆற்றும் தொண்டாகும். அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டா: கொப்புளம் உள்ள இலையைப் பழைய செய்தித்தாளின் மடிப்பில் அழுத்தி உலர்த்தி, செடியின் பெயர், ஊர், நாள் ஆகியவற்றை உறையின்மேல் எழுதிவைத்தால் போதும், பக்கத்துத் தோட்டத்தில் கத்திரியோ, வேலியோரம் மக்காச்சோளத் துருவின் மாற்றுச் செடியாகிய புளியாரையோ இருந்ததா என்பதையும் குறித்தல் நலம். பூஞ்சையியலார் பட்லர் 1905இல் தொடங்கி, இன்று தில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தில் உள்ள பூஞ்சை உலர்தாவரத் தொகுப்பு இவ்வாறு உலர்த்திய இலைகளாலேயே வளர்ந்தது. ஓர் உயிரணுவில் உட்கருக்கள் ஒன்றிரண்டே இருக்க, இழைமணி டி.என்.ஏ. பல படிகளாக இருத்தலின், காலத்தால் சிதைந்த பழைய இலையிலும் பிற மரபுப்பொருளைவிட அதுவே எளிதில் கிடைக்கிறது.