ஓர் ஆட்டுக்குட்டியும் பெயர் மறந்த ஈயும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, செங்கலடியிலிருந்து பதுளைக்குச் செல்லும் வீதியில் அமைந்தது கரடியனாறு. படுவான்கரை என்று நாங்கள் சொல்லும் நிலம் இது. வயலும் குளமும் மாட்டுப்பட்டியும் காடும் கலந்து கிடக்கும் இம்மண்ணில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் எருமையின் குணம் தெரியும். யானை இறங்கும் வழி தெரியும். ஊரின் பெயரிலேயே கரடி இருக்கிறது. ஒருநாள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம், கதைப்புத்தகத்தில் வரும் வீடொன்றை வரையும்படி சொன்னேன். பெரும்பாலோர் வரைந்தது செங்குத்தான கூரையும் புகைபோக்கியும் உடைய வீடு. அதன் அருகே ஊசியிலை மரம். தன் வீட்டை ஏன் வரையவில்லை என்று ஒரு சிறுமியைக் கேட்டேன். "அது கதைப்புத்தகத்தில வாறதில்ல, சேர்" என்றாள்.

அந்த விடையை எளிதில் ஒதுக்கிவிட என்னால் இயலவில்லை. பிள்ளையின் படப்புத்தகத்தில் எவருடைய குடும்பம், எவருடைய விலங்கு, எவருடைய பண்டிகை இடம்பெறுகிறது என்பதைத் தீர்மானிப்பது ஓவியனின் விருப்பம் மட்டுமன்று. சமுதாய வரலாறும் அதைத் தீர்மானிக்கிறது. இதனைத் தெளிவாகக் காட்டும் புத்தகம் ஒன்று 1919ஆம் ஆண்டு கியேவ் நகரில் வெளிவந்தது. அச்சிடப்பட்டவை 75 பிரதிகளே. அது யூதக் குடும்பங்கள் பண்டிகை இரவில் பாடும் ஒரு பாட்டின் படப்புத்தகம்.

பிள்ளைகளுக்கென்றே படங்களோடு ஆக்கப்பட்ட பாடநூலின் கதையை 1658ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது வழக்கம். மொராவியாவில் பிறந்து, மதப்போரால் நாடிழந்து அலைந்த கொமேனியஸ் என்னும் ஆசிரியர் அவ்வாண்டு நியூரம்பேர்க் நகரில் 'ஓர்பிஸ் பிக்துஸ்' என்ற நூலை வெளியிட்டார். அதன் தொடக்கத்தில் எழுத்துகளைக் கற்பிப்பவை விலங்குகள். காகம் கரையும், ஆட்டுக்குட்டி கத்தும். அந்த ஒலியே எழுத்தாகிறது. வீட்டையும் முற்றத்தையும் விட்டுப் பள்ளிக்கு வரும் பிள்ளை தன் முற்றத்து உயிர்களையே எழுத்தாகக் காண வேண்டும் என்பது அந்த அகதி ஆசிரியரின் எண்ணம்.

இனிக் கியேவின் ஆட்டுக்குட்டிக்கு வருவோம். எகிப்திய அடிமைத்தனத்திலிருந்து தம் முன்னோர் விடுபட்டதை நினைந்து யூதர் கொண்டாடுவது பாஸ்காப் பண்டிகை. அந்த இரவு விருந்தின் முடிவில், உறங்கி விழும் பிள்ளைகளை விழிக்கவைக்க ஒரு பாட்டுப் பாடுவர். 'ஹத் கத்யா', அதாவது 'ஓர் ஆட்டுக்குட்டி' என்பது அதன் பெயர். 1590ஆம் ஆண்டு பிராக் நகரில் அது அச்சேறியது. தந்தை இரண்டு காசுக்கு ஒரு குட்டி வாங்குகிறார். குட்டியைப் பூனை தின்கிறது. பூனையை நாய் கடிக்கிறது. நாயைத் தடி அடிக்கிறது. தடியை நெருப்பும், நெருப்பை நீரும், நீரை எருதும் ஒழிக்க, எருதை அறுப்பவனையும் மரணதூதன் கொண்டுபோகிறான். முடிவில் இறைவன் மரணதூதனையே வீழ்த்துகிறான். குட்டி என்பது யூத மக்கள், அடுத்தடுத்து வருபவை அவர்களை ஒடுக்கிய பேரரசுகள் என்று பொருள் கொள்வாரும் உளர். குடும்பமும் விலங்கும் பண்டிகையும் ஒரு மக்களின் வரலாறும் ஒரே சங்கிலியில் கோக்கப்பட்டிருக்கின்றன.

இப்பாட்டுக்குப் படம் வரைந்த எல் லிசிட்ஸ்கி 1890இல் ருஷ்யாவிற் பிறந்தவர். யூதர்க்கு இத்தனை இடமே என்று அளந்து கொடுத்த ஜார் ஆட்சியிலே தலைநகர்க் கலைக்கழகம் அவரை ஏற்கவில்லை. அவர் ஜெர்மனிக்குச் சென்று கட்டடக்கலை பயின்றார். 1915ஆம் ஆண்டு, போரைக் காரணங்காட்டி, எபிரேய எழுத்தில் அச்சிடுவதையே அவ்வாட்சி தடைசெய்தது. யூத மக்களின் பேச்சுமொழியாகிய இத்திஷும் அவ்வெழுத்திலேதான் எழுதப்பட்டது. ஆகவே ஒரு மக்களின் முழு எழுத்தும் ஒரே ஆணையால் வாயடைத்துப் போயிற்று. 1917ஆம் ஆண்டுப் புரட்சி அந்தப் பூட்டுகளை உடைத்தது. அடுத்த ஆண்டே கியேவில் 'குல்தூர் லிகே' என்னும் பண்பாட்டுக் கழகம் தோன்றி, இத்திஷ் மொழியிற் பள்ளி, நாடகம், நூல்வெளியீடு என்று பரந்து பணியாற்றியது. அக்கழகத்தின் வெளியீடே நாம் பேசும் புத்தகம்.

அதன் படங்களை ஓர் ஆசிரியனின் கண்ணோடு பார்க்க வேண்டும். படத்தில் முதன்மை பெறும் உருவத்துக்கு எந்த நிறமோ, அந்த உருவத்தின் பெயர்ச்சொல்லுக்கும் அதே நிறம். எழுத்தறியாத பிள்ளையும் நிறத்தைப் பற்றிச் சொல்லைப் பிடித்துவிடலாம். மரணதூதன் தலையில் ஒரு முடி இருக்கிறது. அது ஜார் மன்னனின் முடியை ஒத்தது என்று ஆய்வாளர் காட்டுவர். நூற்றாண்டுகளாய்ப் பாடிய பழம்பாட்டிற் கடைசியில் வீழ்பவன் யார் என்பது 1919ஆம் ஆண்டுப் பிள்ளைக்கு விளங்கியிருக்கும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1920ஆம் ஆண்டின் இறுதியிற் கழகம் தன் சுதந்திரத்தை இழந்தது. இத்திஷ் மொழியிற் பிள்ளைப்பாட்டு எழுதிப் புகழ்பெற்றவர் லேவ் க்விட்கோ. அவர் மொழிபெயர்த்த நாட்டுக்கதைகளுக்கும் லிசிட்ஸ்கி படம் வரைந்தார். 1949இல் கைதுசெய்யப்பட்ட அக்கவிஞர் 1952 ஆகஸ்டு 12ஆம் நாள் சுட்டுக்கொல்லப்பட்டார். குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்டபோது அவர் உயிரோடில்லை. பூட்டை உடைத்த புரட்சியின் பெயராலேயே மீண்டும் பூட்டுப் போடப்பட்டது. முற்போக்கு என்ற சொல்லை நேசிக்கும் நாம் இதை மறைத்துப் பேசினால், பிள்ளைகளுக்கு உண்மை சொல்லும் தகுதியை இழந்துவிடுவோம்.

நம் பக்கம் என்ன நடந்தது? 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆறுமுக நாவலர் பாலபாடங்களை எழுதி அச்சிட்டார். வயதுக்கேற்பப் படிமுறையாக அமைந்த அந்நூல்களின் நோக்கம் சமயமும் ஒழுக்கமும். பிள்ளையின் மகிழ்ச்சியைப் பொருளாக்கியவர்கள் பின்னரே வந்தனர். தமிழகத்திற் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை பசுவையும் கன்றையும் பாடினார்; ஈழத்தில் நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்பையும் அன்றைய கூழையும் கொழுக்கட்டையையும் பாடினார். நம் வீட்டுப் பண்டிகை ஒன்று பாட்டாகிப் பள்ளிக்குள் நுழைந்த நிகழ்ச்சி அது. பின்னர் மாஸ்கோவிலிருந்து தமிழிலேயே அச்சாகி வந்த வண்ணப் புத்தகங்கள் சோவியத் ஒன்றியம் 1991இல் மறையும்வரை ஏழைப் பிள்ளைகளுக்கும் எட்டும் விலையிற் கிடைத்தன. அந்த நன்றியை மறத்தலாகாது. எனினும் அவற்றில் வந்தது பனிக்காட்டுக் கரடி. கரடியனாற்றுக் கரடி வரவில்லை.

நம்மிடம் சங்கிலிக்கதை இல்லையா? தன் பெயரை மறந்த ஈயின் கதையைக் கேளாத தமிழ்ப்பிள்ளை உண்டா? கன்றைக் கேட்கிறது, தாய்ப்பசுவைக் கேட்கிறது, இடையனை, அவன் கைத்தடியை, மரத்தை, கொக்கை, குளத்தை, மீனைக் கேட்டுக் கொண்டே போகிறது. ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியிற் குதிரை கனைத்த கனைப்பிலே ஈ தன் பெயரைக் கேட்டுக்கொள்கிறது. அப்பெயரோ நம் நெடுங்கணக்கில் ஓர் எழுத்து! கொமேனியஸ் தேடிச் செய்ததை நம் பாட்டிமார் விளையாட்டாகவே செய்திருக்கிறார்கள். 2007ஆம் ஆண்டின் போரிற் படுவான்கரை மக்கள் வாவியைக் கடந்து ஓடியபோது, அவர்களோடு பாரமின்றிச் சென்றவை இத்தகைய கதைகளே.

அந்தச் சிறுமியின் வகுப்பில் இப்போது ஒரு புத்தகம் உருவாகிக் கொண்டிருக்கிறது. பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் ஈயின் கதையைப் பிள்ளைகள் வரைகிறார்கள். இடையன் இருக்கும் இடத்தில் அவள் தன் தகப்பனை வரைந்தாள். பட்டிப்பொங்கலன்று கொம்பிலே மாலை சூடிய எருமையையும் வரைந்தாள். பின்னால் ஓட்டு வீடு, அதில் புகைபோக்கி இல்லை. 'எருமை' என்ற சொல்லைக் கரிய மையிலும் 'குளம்' என்ற சொல்லை நீல மையிலும் எழுதச் சொன்னேன். கியேவின் பாடம் அது.

ஒரே ஒரு பிரதி. எழுபத்தைந்தாக்க ஓர் அச்சகமும் சிறிது மனமும் போதும். தன் பெயரைத் தேடி ஊரெல்லாம் அலையும் ஈயாக நம் பிள்ளைகளை இன்னும் எத்தனை காலம் விட்டுவைக்கப் போகிறோம்?