காத்த எலும்பும் கரைந்த எலும்பும்

சிங்கப்பூர் மண்ணில் டைனோசரின் எலும்பு எதுவும் கிடைத்ததில்லை. ஆயினும், கெண்ட் ரிட்ஜ் குன்றின்மேல் அமைந்த லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் மாணவர்கள் அண்ணாந்து பார்த்து வியப்பது மூன்று டைனோசர்களின் எலும்புக்கூடுகளையே. பிரின்ஸ் என்பது 27 மீட்டர் நீளம். அப்போலோனியா 24 மீட்டர். இளையதான டுவிங்கி 12 மீட்டர். நீண்ட கழுத்தும் சாட்டையனைய வாலும் கொண்டு, இலைதழைகளை மேய்ந்து வாழ்ந்த இவை, ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், டென் ஸ்லீப் என்னும் சிற்றூரை அடுத்த நிலத்திலிருந்து 2007க்கும் 2010க்கும் இடையில் அகழ்ந்தெடுக்கப்பட்டவை. முழு உடலில் எண்பது விழுக்காட்டுக்கு மேற்பட்ட எலும்புகள் கிடைத்தமை அரிய பேறாகும். இவற்றைப் பெறுதற்கு ஆன செலவு ஏறத்தாழ 80 இலட்சம் வெள்ளி.

எங்கோ மாண்ட விலங்குக்கு இத்துணைப் பெருந்தொகையா என்னும் வினா இயல்பானதே. அதற்கு விடை காண விழைவோர் வயோமிங்கிற்குச் செல்ல வேண்டியதில்லை; ஸ்டாம்ஃபோர்டு சாலைவரை சென்றால் போதும். 1887இல் அங்கே எழுந்த ராஃபிள்ஸ் நூலக அரும்பொருளகக் கட்டடத்தில், பறவையும் பாம்பும் மீனும் வண்டுமாகத் தென்கிழக்காசியாவின் உயிரினங்கள் சேர்த்துவைக்கப்பட்டன. 1892இல் மலாக்காக் கரையில் ஒதுங்கிய திமிங்கிலம் ஒன்றின் எலும்புக்கூடு 1907 முதல் அங்கே காட்சிக்கு இருந்தது. பல தலைமுறை மாணவர்கள் அதன்கீழ் நின்று வளர்ந்தனர்.

1970களின் தொடக்கத்தில் காலம் மாறியது. தேசிய அரும்பொருளகம் வரலாற்றுக்கும் கலைக்கும் உரியதாயிற்று. உயிரினச் சேகரங்கள் 1972இல் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் விடப்பட்டன. இடமின்மையால் திமிங்கிலம் 1974இல் கோலாலம்பூருக்கு அளிக்கப்பட்டது. அது இன்று லாபுவானில் உள்ளது. எஞ்சியவை புக்கிட் தீமா, ஆயர் ராஜா, நன்யாங் என இடம் மாறி மாறி, இறுதியில் கெண்ட் ரிட்ஜை அடைந்தன. குடியிருக்க வீடின்றி அலைந்த அந்நாள்களில் அவற்றைக் கண்ணெனக் காத்தவர் காப்பாளர் திருமதி யாங் சாங் மான். சாராயக் குப்பிகளில் மிதக்கும் மீன்களுக்காக வாதாடுவோரை உலகம் எளிதில் போற்றுவதில்லை. அவ்வாறு ஒருவர் இல்லாதிருப்பின், 2009க்குப் பின் அன்பளிப்புகள் குவிந்தபோது அவற்றைக்கொண்டு காத்தற்குரிய பொருளே இருந்திராது. புதிய அரும்பொருளகம் 2015 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலையில் ஜூரோங் தீவை ஒட்டிய கடலில் 10.6 மீட்டர் நீளமுள்ள திமிங்கிலம் ஒன்று மாண்டு மிதந்தது. இம்முறை அது பிற நாட்டுக்குச் செல்லவில்லை. மறு ஆண்டிலேயே கெண்ட் ரிட்ஜில் காட்சிக்கு வந்தது.

இதற்கு மாறானதொரு வரலாறு, சிங்கப்பூர்த் தமிழர் பலரின் முன்னோர் கப்பலேறிப் புறப்பட்ட பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் நிகழ்ந்தது. இன்றைய அரியலூர்ப் பகுதி ஒரு காலத்தில் கடலடியாய்க் கிடந்தது. அங்குள்ள சுண்ணாம்புப் பாறைகளும், சுருள்வடிவக் கடல்நத்தைபோல் தோன்றும் அம்மோனைட்டுகளும் அதற்குச் சான்று. கடல் பின்வாங்கிய பின்னர் ஆறுகள் கொணர்ந்து படிவித்த மண், கல்லமேடு என்னும் சிற்றூரின் அருகே வெளித் தெரிகிறது. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அம்மண்ணில் டைனோசர் எலும்புகள் உண்டென்பதைச் சார்லஸ் மேட்லி என்னும் ஆங்கிலேய அறிஞர் 1929இலேயே எழுதியிருந்தார்.

1980களின் பிற்பகுதியில், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் கல்லமேட்டில் கண்ட எலும்புகளைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டனர். இடுப்பெலும்பு, தொடையெலும்பின் பகுதி, வால் முள்ளெலும்பு ஆகியவற்றோடு, முழங்காலுக்குக் கீழுள்ள கால் எலும்பு ஒன்றும் இருந்தது. அதன் நீளம் மட்டும் 2 மீட்டர்! பேருடல் கொண்ட பல்லி எனப் பொருள்படும் பிருகத்காயசாரசு என்னும் பெயரோடு, மேட்லியின் பெயரையும் இணைத்தனர். முதலில் அதை ஊனுண்ணி எனக் கருதினர். பின்வந்தோர், அது கெண்ட் ரிட்ஜில் நிற்பவற்றைப்போன்ற நெடுங்கழுத்துத் தழையுண்ணியே எனத் திருத்தினர்.

ஆனால் எலும்புகள் நிலைக்கவில்லை. பாறைபோல் இறுகாத, நொறுங்கும் எலும்புகள் அவை. மழையில் உப்பி வெயிலில் வெடிக்கும் களிமண்ணே அவற்றின் படுக்கை. சாந்துக்கட்டு இட்டும், ஆய்வகம் சேருமுன்னரே அவை சிதையத் தொடங்கின. இன்று ஒன்றும் எஞ்சவில்லை என்பதை உலகம் தெளிவாக அறிந்தது 2017இல்தான். இடையில், கட்டுரையிலிருந்த கோட்டோவியங்களை மட்டுமே கண்ட அயல்நாட்டார் சிலர், அது எலும்பன்று, கல்லான மரம் எனவும் ஐயுற்றனர். கல்மரங்கள் மலிந்த நிலமாதலின் அந்த ஐயத்தைக் குறைகூற இயலாது.

சபல்பூரில் கண்டெடுக்கப்பட்டு, 1877இல் டைட்டனோசாரசு எனப் பெயர் பெற்ற இந்திய டைனோசரின் வால் எலும்பும் நெடுங்காலம் காணாமற்போனதாகவே எண்ணப்பட்டது. 2012இல் அது கொல்கத்தாவில், ஆய்வுத்துறையின் சேகரத்திலேயே அகப்பட்டது. இடம் தவறிய எலும்பை மீண்டும் தேடி எடுக்கலாம். பொடியானதை எந்தப் பேழையில் தேடுவது?

கல்லமேட்டில் முன்னாளில் எடுத்த ஒளிப்படங்கள் 2022இல் வெளிவந்தன. மரம் என்னும் ஐயம் பெரிதும் நீங்கியது. அவற்றையும் பழைய அளவுகளையும் கொண்டு, மறு ஆண்டில் அறிஞர் இருவர் அவ்விலங்கின் எடையைக் கணித்தனர். நிலத்தில் வாழ்ந்தவற்றுள் மிகப் பெரியனவற்றுள் ஒன்றாக அது இருந்திருக்கக் கூடும். அவர்கள் கூறிய எடை 110 டன் முதல் 170 டன்வரை. எலும்பு கையில் இல்லாமையால், இடைவெளி மட்டுமே ஒரு பன்னிரண்டு யானைகளின் எடை.