பழைய டிராக்டரின் ஸ்டார்ட் பாதுகாப்பு சுவிட்ச்: பழுதறிதலும் சீரமைப்பும்

ஸ்டார்ட் பாதுகாப்பு சுவிட்ச் என்பது டிராக்டர் கியரில் நிற்கும்போது செல்ப் மோட்டார் சுழலாதபடி தடுக்கும் சிறிய மின் சுவிட்ச். சாவியிலிருந்து சொலினாய்டுக்குப் போகும் ஒயரின் நடுவே இது அமைந்திருக்கும். லீவர் நியூட்ரலுக்கோ ஸ்டார்ட் நிலைக்கோ வந்தால் மட்டுமே உள்ளிருக்கும் பாயிண்டுகள் சேர்ந்து மின்சாரத்தைக் கடத்தும். மதுரையைச் சுற்றியுள்ள மேலூர், வாடிப்பட்டி, திருமங்கலம், உசிலம்பட்டி பகுதிகளில் பல ஆண்டுகள் உழைத்து இன்னும் வயலில் இறங்கும் டிராக்டர்களில், 'செல்ப் எடுக்கவில்லை' என்ற முறையீட்டுக்கு இந்தச் சுவிட்சும் ஒரு காரணம். சுவிட்ச் பழுதானால் அதைக் கழற்றிவிட்டு இரு ஒயர்களையும் முறுக்கி விடுகிற வழக்கம் உண்டு. வண்டி உடனே கிளம்பிவிடும். ஆனால் ஓட்டுநரின் உயிருக்கு இருந்த காவல் அத்தோடு போய்விடும். வரிசையாகத் தேடினால் இந்தப் பழுதைக் கண்டுபிடிக்க அதிக நேரமோ செலவோ ஆகாது.

தோற்றம்

கியரில் கிடக்கும் வண்டி ஸ்டார்ட் ஆகக்கூடாது என்ற எண்ணம் டிராக்டர் வடிவமைப்பில் நெடுநாளாக உண்டு. ஹாரி பெர்குசனும் ஹென்றி போர்டும் கைகோத்ததன் பயனாக 1939இல் வந்த போர்டு 9என் டிராக்டரில், கியர் நியூட்ரலில் இருந்தால்தான் ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்த முடியும். பெர்குசன் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் உற்பத்தியான தம்முடைய டிஇ20 வண்டியில் இன்னொரு படி மேலே போனார். அதில் கியர் லீவரையே 'எஸ்' என்ற நிலைக்குத் தள்ளினால்தான் செல்ப் சுழலும். லீவர் அந்த இடத்தில் இருக்கும்போது எந்தக் கியரும் விழுந்திருக்க முடியாது. அடுத்து வந்த மாஸி பெர்குசன் 35 வரிசையில் சாவியும், வேக வரம்பை மாற்றும் ஹை-லோ லீவரோடு இணைந்த மின் சுவிட்சும் சேர்ந்து அந்த வேலையைச் செய்தன.

மதுரைச் சமவெளியில்

1960இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் மாஸி பெர்குசன் கூட்டுறவோடு டிராக்டர் உற்பத்தியில் இறங்கியது. பின்னாளில் மதுரைப் பகுதியிலும் அதற்கு ஆலை அமைந்தது. 35 வரிசையின் வழிவந்த 1035 வண்டி, சிம்சன் நிறுவனத்தின் மூன்று சிலிண்டர் டீசல் என்ஜினோடு தமிழக வயல்களில் நிலைகொண்டது. இந்த வண்டிகளின் மின்பாகங்களுக்கும் மதுரைக்கும் உறவு உண்டு. 1911இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ். குழுமம், இங்கிலாந்தின் லூக்காஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1961இல் உருவாக்கிய லூக்காஸ்-டி.வி.எஸ். செல்ப் மோட்டார்களையும் டைனமோக்களையும் இந்திய வாகனங்களுக்குத் தயாரித்துக் கொடுத்தது.

இங்குள்ள நிலமும் இந்தச் சுவிட்சைச் சோதிக்கிறது. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் தண்ணீர் வைகை வழியாக வந்து பேரணை மதகிலிருந்து கால்வாயில் பாய்கிறது. தண்ணீர் திறந்ததும் கேஜ் வீல் மாட்டிய டிராக்டர்கள் சேற்றுக்குள் இறங்கித் தொளி அடிக்கும். சேறும் நீரும் கியர்ப்பெட்டியின் மேல்மூடி வரை தெறிக்கும். நடவு முடிந்தால் அதே வண்டி டிரெய்லர் இழுக்கும். கோடையில் திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசலில் புழுதி உழவு ஓட்டும். ஈரம் பாயிண்டுகளில் பச்சைக் களிம்பை ஏற்றும். புழுதி சுவிட்சின் முள்ளை இறுக்கும். இடைவிடாத அதிர்வு ஒயரின் லக்கைத் தளர்த்தும்.

அமைப்பும் இயக்கமும்

பழைய மாஸி வகை வண்டிகளில் இது கியர்ப்பெட்டியின் மூடியில் மரையிட்டுப் பொருத்தப்பட்ட, கட்டைவிரல் பருமனுள்ள ஒரு பாகம். மேலே இரண்டு ஒயர் முனைகள். கீழே ஸ்பிரிங்கோடு கூடிய சிறு முள். ஹை-லோ லீவர் இரண்டுக்கும் நடுவே 'எஸ்' நிலைக்கு வரும்போது உள்ளிருக்கும் பாகம் முள்ளைத் தள்ள, பாயிண்டுகள் சேர்கின்றன. லீவர் நடுவில் இருக்கும்போது, மெயின் கியர் விழுந்திருந்தாலும் சக்கரத்துக்கு இழுவை போகாது. போர்டு 3000, 3600 போன்ற வண்டிகளிலும் இதே கொள்கையில் அமைந்த நியூட்ரல் சுவிட்ச் உண்டு. சுவிட்ச் இருக்கும் இடமும் ஒயரின் நிறமும் வண்டிக்கு வண்டி, உற்பத்தி ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அந்தந்த வண்டியின் கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மின்னோட்டத்தில் இரண்டு பாதைகள் உள்ளன. பேட்டரியிலிருந்து சொலினாய்டு வழியாகச் செல்ப் மோட்டாருக்குப் போகும் தடித்த கேபிளில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடும். சாவி, பாதுகாப்பு சுவிட்ச், சொலினாய்டின் சிறிய முனை என்று போகும் மெல்லிய ஒயர்தான் கட்டளைப் பாதை. ரிலே இல்லாத பழைய வண்டியில் சொலினாய்டு இழுக்கும் கணத்தில் இந்தப் பாதையிலும் ஏறத்தாழ 30 ஆம்பியர் ஓடக்கூடும். அப்போது சுவிட்சின் பாயிண்டில் 0.1 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கேயே வீணாகிவிடும். பேட்டரி நன்றாக இருந்தும் சொலினாய்டு 'டக்' என்று இழுக்காமல் நின்றுபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பழுதின் மூன்று முகங்கள்

முதலாவது, சுவிட்ச் சேராமல் போவது. சாவியைத் திருப்பினால் எந்தச் சத்தமும் வராது. விளக்குகள் மட்டும் பளிச்சென்று எரியும். இரண்டாவது, விட்டுவிட்டு வேலை செய்வது. லீவரை லேசாக ஆட்டியபடி சாவியைத் திருப்பினால் செல்ப் எடுக்கும்; இது தேய்ந்த முள்ளையோ தளர்ந்த லீவரையோ காட்டும். மூன்றாவது, பாயிண்டுகள் ஒட்டிக்கொண்டு எப்போதும் சேர்ந்தே இருப்பது. வண்டி ஒழுங்காக ஸ்டார்ட் ஆவதால் இதைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை. ஆனால் மூன்றில் இதுவே உயிர்க்கொல்லி: கியரிலேயே வண்டி கிளம்பிவிடும்.

பழுது கண்டறியும் முறை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். பின்னால் மாட்டிய கருவியைத் தரையில் இறக்கி, பின்கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டின் லீவரை விடுவித்துவிட வேண்டும். பழைய சுவிட்சுகள் பி.டி.ஓ.வைக் கண்காணிப்பதில்லை, மாட்டியிருக்கும் ரொட்டேவேட்டர் ஸ்டார்ட் ஆனதும் சுழலலாம். டீசல் நிறுத்தும் கம்பியை இழுத்து வைத்தால் சோதனையின்போது என்ஜின் பற்றாது. பெரிய சக்கரத்துக்கு முன்னால் யாரும் நிற்கக் கூடாது.

1. பேட்டரி: ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் இருக்க வேண்டும். முனைகளில் வெள்ளைப் பூப்பு இருந்தால் தேய்த்து இறுக்கி, வண்டியின் உடலோடு சேரும் எர்த் கேபிளையும் பார்க்க வேண்டும்.

2. விளக்குச் சோதனை: ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும். விளக்கு மங்கி விழுந்தால் கோளாறு பேட்டரியிலோ கேபிளிலோ செல்ப் மோட்டாரிலோ இருக்கிறது. விளக்கு மங்காமல், சத்தமும் இல்லாமல் இருந்தால் கட்டளைப் பாதையில் தேட வேண்டும்.

3. சொலினாய்டு முனை: டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை உடலில் கவ்வவிட்டு, மறுமுனையைச் சொலினாய்டின் சிறிய முனையில் வைத்து, லீவரை 'எஸ்' நிலையில் நிறுத்திச் சாவியைத் திருப்பச் சொல்ல வேண்டும். லேம்ப் நன்றாக எரிந்தும் சொலினாய்டு இழுக்காவிட்டால் பழுது சொலினாய்டில். எரியாவிட்டால் பின்னோக்கிப் போக வேண்டும்.

4. சுவிட்சின் இரு முனைகள்: சாவிப் பக்கத்து முனையில் லேம்ப் எரிந்து, மறுமுனையில் எரியாவிட்டால் பழுது சுவிட்சிலோ அதைத் தள்ளும் லீவரிலோ இருக்கிறது. இரண்டிலும் எரியாவிட்டால் சாவி சுவிட்ச், பியூஸ், இடை ஒயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

5. வோல்ட் இழப்பு: மல்டிமீட்டரை வோல்ட்டில் வைத்து, சுவிட்சின் இரு முனைகளுக்கும் குறுக்கே பிடித்துச் சாவியைத் திருப்ப வேண்டும். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் ஏறினால் பாயிண்டு கரிந்திருக்கிறது. பளு இல்லாமல் ஓம் மட்டும் பார்த்தால், இந்தக் கோளாறு கண்ணில் படாமல் தப்பிவிடும்.

சீரமைப்பு

முதலில் ஒயர் முனைகளைக் கழற்றிச் சுத்தம் செய்து, தளர்ந்த லக்கை மாற்ற வேண்டும். பல வண்டிகளில் பழுது அத்தோடு தீர்ந்துவிடும். தீராவிட்டால், சுற்றியுள்ள சேற்றை நன்றாகத் துடைத்த பிறகே சுவிட்சைக் கழற்ற வேண்டும். மாஸி வகையில் கியர்ப்பெட்டிக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே எண்ணெய் என்பதால், உள்ளே விழும் ஒரு சிட்டிகை மணல் ஹைட்ராலிக் பம்ப் வரை போய்ச் சேரும்.

கழற்றிய சுவிட்சின் முள்ளைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். சிக்காமல் உள்ளே போய், விட்டவுடன் தானே திரும்ப வேண்டும். நுனி தட்டையாகத் தேய்ந்திருந்தால் பாயிண்டு சேரும் அளவுக்கு அது தள்ளப்படாது. சுவிட்சுக்கு அடியில் இருக்கும் வாஷர்களின் தடிமன் முள் எட்டும் ஆழத்தைத் தீர்மானிக்கிறது. பழைய வாஷரைத் தொலைத்துவிட்டுக் கிடைத்ததைப் போட்டு முடுக்கினால், புதிய சுவிட்சும் வேலை செய்யாது. அல்லது எல்லா நிலையிலும் சேர்ந்தே நிற்கும்.

புதிய சுவிட்சும் விரைவில் கரிகிறது என்றால், இடையில் 12 வோல்ட் ரிலே ஒன்றைப் பொருத்தலாம். ரிலேயின் சுருளுக்கு ஒரு ஆம்பியருக்கும் குறைவான மின்சாரமே போதும்; சுவிட்ச் அதை மட்டும் சுமக்கும், சொலினாய்டின் பளுவை ரிலே ஏற்கும். பாதுகாப்பும் குறையாது. கட்டாயம் கவனிக்க வேண்டியது: ரிலேயின் சுருள் பாதுகாப்பு சுவிட்ச் வழியாகவே மின்சாரம் பெற வேண்டும்.

வேலை முடிந்ததும் எதிர்மறைச் சோதனை செய்ய வேண்டும். டீசல் நிறுத்தியை இழுத்த நிலையில், கிளட்சை முழுக்க மிதித்து, லீவரை ஹையிலும் லோவிலும் போட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும். இரண்டிலும் செல்ப் அசையவே கூடாது. 'எஸ்' நிலையில் மட்டும் சுழல வேண்டும். இந்தச் சோதனை இல்லாமல் பழுது நீங்கியதாகக் கொள்ள முடியாது.

நேரடி ஸ்டார்ட்டின் ஆபத்து

சுவிட்ச் ஏமாற்றும்போது, தரையில் நின்றபடியே செல்ப் மோட்டாரின் முனைகளை ஸ்குரூடிரைவரால் இணைத்து ஸ்டார்ட் செய்பவர்கள் உண்டு. இது சாவியையும் பாதுகாப்பு சுவிட்சையும் ஒருசேரத் தாண்டிவிடுகிறது. பெட்ரோல் என்ஜினுக்குத் தீப்பொறி வேண்டும். சாவியை அணைத்தால் அது பற்றாது. டீசல் என்ஜின் அழுத்தத்தின் வெப்பத்திலேயே பற்றும். ஆகவே சாவி அணைந்திருந்தாலும், டீசல் நிறுத்தி உள்ளே தள்ளியிருந்தால் ஒரே சுழற்சியில் என்ஜின் ஓடத் தொடங்கும். கியரில் கிடந்தால் வண்டி அந்தக் கணமே நகரும். செல்ப் மோட்டார் என்ஜினின் பக்கவாட்டில் இருப்பதால், அதை எட்டிப் பிடிப்பவர் நிற்கும் இடம் பின்சக்கரத்தின் நேர்வழி. விலகவோ கிளட்சை மிதிக்கவோ அவருக்கு நேரம் கிடைக்காது. பல நாடுகளில் டிராக்டர் மரணங்களுக்குக் காரணமான முறை இது. அதனால்தான் பிற்கால வண்டிகளில் செல்ப் முனைகளின் மேல் மூடி வைக்கப்பட்டது.

வாடகை உழவு மிகுந்த மதுரைப் பகுதியில் இந்த ஆபத்து கூடுதல். ஒரே வண்டியை உரிமையாளர், அவருடைய மகன், கூலி ஓட்டுநர் என்று பலர் கையாள்வார்கள். சுவிட்சைத் துண்டித்தவருக்கு அது தெரியும். அடுத்த நாள் ஏறுபவருக்குத் தெரியாது.

பழைய வண்டி வாங்கும்போது

கியர்ப்பெட்டி மூடிக்கு அருகே இரு ஒயர்களை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றியிருப்பது, செல்ப் முனையின் போல்ட்டில் தீப்பொறி பட்ட கருந்தழும்பு, சாவிக்கு அருகே புதிதாக முளைத்த பொத்தான் ஆகியவை சுவிட்ச் துண்டிக்கப்பட்டதன் அடையாளங்கள். விலை பேசும் முன் மேற்சொன்ன எதிர்மறைச் சோதனையை விற்பவர் முன்னிலையிலேயே செய்து பார்க்க வேண்டும். கால்வாய்த் தண்ணீர் திறப்பதற்கு முன் ஒருமுறையும், தொளி வேலை முடிந்து வண்டியைக் கழுவிய பின் ஒருமுறையும் அதைச் செய்வது நல்ல பராமரிப்பு. சுவிட்ச் கிடைக்கும்வரை வண்டி நின்றால் ஒருநாள் வாடகைதான் போகும். உதிரிபாகம் வந்து, சோதனையும் முடிந்த பிறகே வண்டியை வயலுக்கு அனுப்ப வேண்டும்.