சாயம் இல்லாத சாய ஊசியின் கதை



சமீபத்தில் இரண்டு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். மார்பக எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குச் சாய ஊசி போட வேண்டுமாம், அது மூளையில் போய்த் தங்கிவிடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே டீச்சர், ஊசி வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று. நான் டாக்டர் இல்லை. பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள். ஆனால் இந்த ஊசிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது தெரிந்தால் கேட்க வேண்டிய கேள்வி எது என்பது புரியும். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

1895 நவம்பரில் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், ரத்தக்குழாய் தெரியாது. அடுத்த ஜனவரியிலேயே வியன்னாவில் இருவர், வெட்டி எடுக்கப்பட்ட ஒரு கையின் ரத்தக்குழாய்களில் சுண்ணாம்பும் பாதரசச் சேர்மமும் கலந்த கலவையைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். குழாய்கள் மரத்தின் கிளைகளைப் போலத் தெரிந்தன. அதை உயிருள்ளவருக்குச் செலுத்த முடியாது. அதனால் உடலுக்குள் போய்ப் படத்தில் தெரிய வேண்டும், ஆளையும் கொல்லக் கூடாது என்று ஒரு பொருளைத் தேடும் வேலை தொடங்கியது.

அந்தத் தேடலில் ஒரு பெரிய சறுக்கல் தோரோட்ராஸ்ட். 1930களிலிருந்து 1950கள் வரை உலகமெங்கும் பயன்படுத்திய மருந்து. படம் அற்புதமாக விழும், ஊசி போட்ட அன்று யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் அதில் இருந்தது தோரியம். நம் மணவாளக்குறிச்சி மணலில் இருக்கிறதே, அதே கதிரியக்கத் தோரியம்தான். கல்லீரலிலும் மண்ணீரலிலும் படிந்து வெளியேறாமல் அங்கேயே இருந்தது. இருபது, முப்பது வருடம் கழித்துக் கல்லீரல் புற்றுநோய் வந்தது. ஜப்பானில் போரில் காயம்பட்டு வந்த சிப்பாய்களுக்குக்கூட இதைப் போட்டிருக்கிறார்கள். "தங்கிவிடும்" என்ற பயத்தை நான் கேலி செய்யாததற்கு இதுதான் காரணம்.

இப்போது எம்.ஆர்.ஐ.க்கு வருவோம். இதில் எக்ஸ்ரே கிடையாது, காந்தமும் ரேடியோ அலையும்தான். 1973-இல் பால் லாட்டர்பர் வழி காட்டினார், பீட்டர் மான்ஸ்ஃபீல்டு மேம்படுத்தினார், 2003-இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது. (தனக்குக் கிடைக்கவில்லை என்று டமாடியன் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரமே கொடுத்தார். அது தனிக்கதை.)

எம்.ஆர்.ஐ. வந்ததும் ஊசியே இல்லாமல் மார்பகப் புற்றைக் கண்டுபிடித்துவிடலாம் என்று மருத்துவர்கள் நம்பினார்கள். நடக்கவில்லை. சாதாரணக் கட்டியும் புற்றுக்கட்டியும் படத்தில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரிந்தன.

வழி வேறு இடத்திலிருந்து வந்தது. புற்றுக்கட்டி வளர வேண்டுமானால் தனக்கென்று புதிய ரத்தக்குழாய்களை வரவழைத்துக்கொள்ளும் என்று 1971-இல் ஜூடா ஃபோக்மன் என்ற அறுவை மருத்துவர் எழுதினார். அவசரமாகக் கட்டிய குழாய்கள் ஆகையால் அவை கசியும். அப்படியானால் ரத்தத்தில் ஓடுகிற, எம்.ஆர்.ஐ.யில் பளிச்சென்று தெரிகிற ஒரு பொருளைச் செலுத்தினால் அது கசிகிற இடம் ஒளிருமல்லவா?

அந்தப் பொருள்தான் கடோலினியம். ஃபின்லாந்து வேதியியலார் யோஹான் கடோலின் பெயரால் அமைந்த உலோகம். இது சாயமே இல்லை, நிறமற்ற திரவமாகத்தான் ஊசிக்குழாயில் இருக்கும். அருகிலிருக்கும் நீரின் ஹைட்ரஜன் காந்தத்துக்குப் பதில் சொல்லும் வேகத்தை இது கூட்டுகிறது, அதனால் அந்த இடம் வெள்ளையாகத் தெரிகிறது. ஆனால் தனியாக விட்டால் விஷம். உடலில் கால்சியம் செய்யும் வேலைகளில் புகுந்து கெடுக்கும். எனவே பெர்லினில் ஷெரிங் நிறுவனத்து வேதியியலார் அதை ஒரு மூலக்கூறுக்குள் கட்டிவைத்தார்கள். கட்டோடு உள்ளே போய், கட்டோடு சிறுநீரில் வெளியேற வேண்டும். 1988-இல் மேக்னெவிஸ்ட் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

அதற்கு முன்பே, 1986-இல், சில்வியா ஹேவாங் என்ற ஜெர்மன் பெண் மருத்துவரும் குழுவினரும் இந்த ஊசியோடு எடுத்த மார்பக எம்.ஆர்.ஐ. படங்களை வெளியிட்டார்கள். புற்றுக்கட்டி ஒளிர்ந்தது. 1989-இல் வெர்னர் கைசர், ஊசி போட்டபின் வரிசையாகப் பல படங்கள் எடுத்தால், எவ்வளவு வேகமாக ஒளிர்கிறது, எவ்வளவு வேகமாக மங்குகிறது என்பதே கட்டியைப் பற்றி நிறையச் சொல்லிவிடும் என்று காட்டினார். புற்றைத் தேடும் மார்பக எம்.ஆர்.ஐ. இன்றும் இந்த அடித்தளத்தில்தான் நிற்கிறது. ஊசி வேண்டாம் என்றால் மீதி இருப்பது 1985-க்கு முந்தைய படம். காசும் நேரமும் போகும், "ஒன்றும் இல்லை" என்ற பொய்யான நிம்மதியும் கிடைக்கலாம். ஊசியில்லாத புதிய முறைகளை ஆராய்ந்துவருகிறார்கள், ஆனால் அவை இன்னும் இதன் இடத்தைப் பிடிக்கவில்லை.

சரி, வாட்ஸ்அப் சொல்வதில் உண்மையே இல்லையா? இருக்கிறது. அதுவும் வரலாறுதான்.

1997-இல் அமெரிக்காவில் டயாலிசிஸ் நோயாளிகள் சிலருக்குத் தோல் மரப்பட்டை போல இறுகியது, மூட்டுகளை மடக்க முடியவில்லை. காரணம் புரியாமலே பல வருடம் ஓடியது. 2006-இல் ஆஸ்திரியாவில் ஒரு மருத்துவர்தான் முடிச்சை அவிழ்த்தார்: அவர்களுக்கெல்லாம் கடோலினியம் போடப்பட்டிருந்தது. சிறுநீரகம் வேலை செய்யாததால் மருந்து பல நாள் உடலில் சுற்றி, கட்டு அவிழ்ந்து உலோகம் வெளியே வந்திருக்கிறது. அதன்பின் ஊசிக்கு முன் சிறுநீரகத்தைப் பரிசோதிப்பது வழக்கமானது, அந்த நோயும் கிட்டத்தட்ட மறைந்தது. ஸ்கேன் சென்டரில் கிரியாட்டினின் ரிப்போர்ட் கேட்டால் "எதற்கு வீண் செலவு" என்று சலித்துக்கொள்ளாதீர்கள்.

2014-இல் ஜப்பானில் கண்டா என்ற மருத்துவரின் குழு, பல தடவை இந்த ஊசி போட்டவர்களின் மூளையில் இரண்டு இடங்கள் வெளிறித் தெரிவதைக் கவனித்தது. சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களிடமும் துளியளவு தங்குகிறது என்பது பிறகு உறுதியானது. ஆனால் எல்லா மருந்திலும் ஒரே அளவு தங்குவதில்லை. சாக்குமூட்டையைக் கயிற்றால் கட்டுவது போல ஒரு வகை, உலோகத்தைச் சுற்றிலும் மூடிய கூண்டு போல ஒரு வகை. மேக்னெவிஸ்ட், ஆம்னிஸ்கேன் முதல் வகை. டோட்டாரம், கடோவிஸ்ட் இரண்டாம் வகை, இவை மிகக் குறைவாகவே தங்குகின்றன. 2017-இல் ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, நரம்பில் போடும் கயிற்றுக்கட்டு மருந்துகளை, கல்லீரல் ஸ்கேனுக்கு உரியவை தவிர, நிறுத்திவைக்கச் சொன்னது. அமெரிக்கா நிறுத்தவில்லை, நோயாளிக்கு விவரத்தாள் கொடுத்தாக வேண்டும் என்றது. மூளையில் தங்கியதால் யாருக்கும் நோய் வந்தது என்று இதுவரை நிறுவப்படவில்லை. என்றாலும் தோரோட்ராஸ்ட் கதை படித்தவள் என்பதால் ஐரோப்பாவின் எச்சரிக்கையே எனக்குப் பிடித்திருக்கிறது.

ஆகவே "ஊசி போடலாமா" என்று மொட்டையாகக் கேட்பதை விட, இந்த ஸ்கேன் எதைத் தேடுகிறது என்று முதலில் கேளுங்கள். சிலிக்கான் பை வைத்தவர்களுக்கு அது கிழிந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்க ஊசி தேவையில்லை. புற்று இருக்கிறதா, எவ்வளவு பரவியிருக்கிறது, கீமோவுக்குக் கட்டி சுருங்கியதா என்பதற்கெல்லாம் தேவை. பிறகு மருந்தின் பெயரைக் கேளுங்கள், எந்த வகை என்று கேளுங்கள். சென்டரில் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும். கர்ப்பமாக இருந்தால், சிறுநீரகத் தொல்லை இருந்தால், முன்பு இந்த ஊசியில் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் அவர்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பால் கொடுக்கும் தாய்மார்கள் நிறுத்தத் தேவையில்லை என்பதே இப்போதைய வழிகாட்டல், பாலில் போகும் அளவு அவ்வளவு சொற்பம். அவசரம் இல்லையென்றால், மாதவிலக்கு நிற்காதவர்கள் அது தொடங்கிய 7 முதல் 14 நாளுக்குள் தேதி வாங்குங்கள், படம் தெளிவாக விழும்.

ஸ்கேன் முடிந்ததும் எந்த மருந்து, எத்தனை மில்லி, எந்தத் தேதி என்பதைப் போனில் போட்டோ எடுத்து வையுங்கள். அடுத்த தடவை வேறு ஊரில் வேறு சென்டரில் கேட்பார்கள்.