ஊடுருவும் மனக்காட்சிகளும் தற்கொலை எண்ணமும்: ஒரு வரலாற்றுப் பார்வை

தற்கொலை எண்ணம் என்றால் மனத்துக்குள் ஓடும் சொற்கள் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. “வாழப் பிடிக்கவில்லை என்று தோன்றுகிறதா?” என்று கேட்பதே வழக்கம். ஆனால் அது சிலருக்குக் காட்சியாகவும் வருகிறது. விரும்பாமலே திரும்பத் திரும்ப மனக்கண்ணில் தோன்றும் இத்தகைய காட்சியை ஊடுருவும் மனக்காட்சி என்பர்.

2007-ஆம் ஆண்டு எமிலி ஹோம்ஸ், மார்க் வில்லியம்ஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் இருந்த 15 பேரிடம், சொற்களோடு காட்சிகளைப் பற்றியும் கேட்டனர். மிகவும் நொந்திருந்த வேளைகளில் தமக்குக் காட்சிகள் வந்ததாக அனைவரும் கூறினர். பழைய அதிர்ச்சியை மீண்டும் காட்டும் நினைவுகளைப் போலன்றி, இவற்றுள் பல இனி நடக்கக்கூடியதைக் காட்டின. சிலருக்கு அவை ஆறுதலாகவும் தோன்றின. ஆகவே அச்சம் இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று கொள்ளலாகாது.

இது சிறிய ஆய்வு. காட்சிதான் செயலுக்குக் காரணம் என்று இது நிறுவவில்லை. எண்ணச் சுழற்சி நோய் உள்ளவர்களுக்கும் தாம் சற்றும் விரும்பாத காட்சிகள் வருவதுண்டு. வேறுபாட்டை அறிய மனநல மருத்துவரிடம் மனம்விட்டுப் பேச வேண்டும்.

இந்தியாவில் அப்படிப் பேசுவதற்குச் சட்டமே தடையாக இருந்தது. 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியது. அச்சட்டம் நடப்பில் இருந்தபோதே, 1986-இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் ‘சிநேகா’ தடுப்பு மையத்தைத் தொடங்கினார். முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தார் எனக் கருதி, தண்டிக்காமல் உதவ வேண்டும் என்றது 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம். 2024-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய பிரிவு இடம்பெறவில்லை.

இன்று தேனியை அடுத்த வீரபாண்டியில் இருப்பவரும், 2022-இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழில் பேசலாம். க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. கௌமாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்க நேர்ந்துகொண்டவரும் மருத்துவரிடம் செல்லலாம், ஒன்றுக்கொன்று தடையில்லை.

கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்ற அச்சம் தேவையற்றது. “மனக்கண்ணில் ஏதாவது காட்சி வருகிறதா?” என்று பரிவோடு கேட்பது, சொல்ல முடியாமல் தவிப்பவருக்குப் பேச வழிதருகிறது.